கண்டாங்கிப் போர்வைக்கு எந்த நூலால் முடிச்சுப் போடுவது?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பத்தாவின் பெட்டியில் இருந்த ஐந்து பழைய கண்டாங்கிச் சேலைகளைச் சதுரங்களாக வெட்டி, ஐந்தடிக்கு ஏழடியில் ஒரு போர்வையின் மேல்துணியைத் தைத்து முடித்துவிட்டீர்கள், அடியில் வைக்க வெள்ளை மல் துணியும் வாங்கிவிட்டீர்கள், நடுவில் பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்து முழுக்க ஓட்டுத் தையல் போட நேரமில்லை என்பதால், ஆங்காங்கே நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்திவிட எண்ணுகிறீர்கள், அதற்கு எந்த நூல் நல்லது, எத்தனை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, துவைத்தால் அவிழாமல் இருக்க அதை எப்படிப் போடுவது என்கிறீர்கள். நூலைப் பற்றிய கேள்வியாகத்தான் இதை எழுதியிருக்கிறீர்கள் என்றாலும், விடை நூலில் தொடங்குவதில்லை. சேலைத் துணி இன்று எவ்வளவு இழுவையைத் தாங்கும், நடுவில் எதை வைக்கப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் நூலும் இடைவெளியும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். காரைக்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழஞ்சேலைப் போர்வைகள் தைத்துக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், தைப்பவர்களுக்குள்ளேயே வழக்கு தீராமல் இருப்பதை அப்படியே சொல்லியும் எழுதுகிறேன். உங்கள் துணியை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்ப்பு உங்கள் விரல்களுடையது.

முதலில் துணி. முடிச்சுப் போடும் முறைக்கும் ஓட்டுத் தையலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, பாரம் எங்கே விழுகிறது என்பதுதான். ஓட்டுத் தையலில் போர்வையின் எடையும் இழுவையும் நீண்ட கோடு முழுவதும் பரவுகின்றன. முடிச்சில் அவை அத்தனையும் கால் அங்குல இடத்தில் வந்து தொங்குகின்றன. தூங்குகிறவர் புரளும்போதும், ஈரப் போர்வையை வாளியிலிருந்து தூக்கும்போதும் அந்தக் கால் அங்குலத் துணிதான் விலை கொடுக்கிறது. புதுத் துணி இதைப் பொருட்படுத்தாது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் உடுத்தித் துவைத்த சேலை பொருட்படுத்தும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கண்டாங்கி கனமான பருத்தி நெசவு என்பதால் மற்றச் சேலைகளைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் ஒரே சேலையிலேயே வலுவான இடமும் நைந்த இடமும் உண்டு. இடுப்பில் செருகும் மேல்பகுதி பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். உட்காரும் இடம், கணுக்காலில் உரசும் கீழ்க்கரை, ஆண்டுக்கணக்கில் பெட்டியில் ஒரே மடிப்பாகக் கிடந்த கோடுகள் ஆகியவை நைந்திருக்கும். ஒவ்வொரு சதுரத்தையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். இழைகள் விலகி வெளிச்சம் சல்லடையாகத் தெரிந்தால் அங்கே முடிச்சு வேண்டாம். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சரசரவென்று ஓசை வந்தாலோ இழை அறுந்தாலோ அந்தச் சதுரம் முடிச்சைத் தாங்காது. அத்தகைய சதுரங்கள் நான்கைந்து இருந்தால் அவற்றின் பின்னால் மெல்லிய மல் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம். பாதிக்கு மேல் அப்படியிருந்தால் என் யோசனை வேறு: முடிச்சை விட்டுவிடுங்கள், இரண்டங்குலத்துக்கு ஒரு வரியாக ஓட்டுத் தையலே போடுங்கள், அதற்கு ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

தைப்பதற்கு முன்பே சேலைகளைத் துவைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கஞ்சி போட்டு மடித்து வைத்த சேலைகளாக இருந்தால் அந்தக் கஞ்சி போயிருக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பொருள்தான் தீனி, போர்வைக்குள் கஞ்சித் துணியை வைத்துத் தைப்பது அதற்குப் பந்தி வைப்பதாகும். அரக்குச் சிவப்பும் கறுப்பும் சேர்ந்த கண்டாங்கிகளில் சாயம் இறங்கக்கூடும், உங்கள் அடித்துணியோ வெள்ளை. தைத்த மேல்துணியின் ஓர் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணித்துண்டின் மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், மேல்துணியைத் தனியாகத் தண்ணீர் தெளியும்வரை அலசியாக வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு உதவுவது உண்மை. ஏற்கெனவே ஏற்றிய சாயத்தைப் பருத்தியில் கட்டிப்போடும் வேலையை உப்போ வினிகரோ செய்வதில்லை.

இப்போது நடுப்பொருள். நம் பக்கத்தில் பஞ்சு என்றதும் இலவம் பஞ்சுதான் முதலில் வீட்டுக்கு வரும். முடிச்சுப் போர்வைக்கு அதைப் போல் ஆகாத பொருள் வேறில்லை. இலவம் இழை குட்டையானது, வழவழப்பானது, உள்ளே காற்றுக்குழல் கொண்டது. பருத்தி இழையைப் போல ஒன்றையொன்று கவ்விக்கொள்வதில்லை. தலையணையில் அது சுகம். போர்வையில் வைத்தால் முடிச்சுகளுக்கு நடுவே நழுவி, ஒரே மாதத்தில் கால்மாட்டில் மூட்டையாகக் குவியும். வில்லால் கொட்டிய பருத்திப் பஞ்சு அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதிலும் இழைகளைப் பிணைக்கும் பசையோ வலையோ கிடையாது. நான் தொழிலைத் தொடங்கிய காலத்தில், கொட்டிய பஞ்சை வைத்து ஐந்தங்குல இடைவெளியில் முடிச்சுப் போட்டு ஓர் ஆச்சிக்குக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அவர்கள் வீட்டில் அதைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டு எடுத்தபோது, ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவே பஞ்சு கொழுக்கட்டை போல உருண்டு, முடிச்சைச் சுற்றி வெறும் இரண்டு துணிகள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆச்சி கோபப்படவில்லை, “பணியாரச் சட்டி மாதிரி இருக்கே” என்றார்கள். அந்தப் போர்வையைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். கொட்டிய பஞ்சுதான் வேண்டும் என்றால் அதை முதலில் மல் துணி உறைக்குள் சீராகப் பரப்பி, இரண்டரை அங்குலத்துக்கு மேற்படாமல் முடிச்சிட்டு, தண்ணீரில் போடாமல் வெயிலில் காயவைத்து மட்டும் பயன்படுத்த வேண்டும்.

கடையில் சுருளாக விற்கும் பஞ்சு விரிப்புகள் வேறு வகை. முழுப் பாலியஸ்டர் விரிப்பு உண்டு. எண்பது பங்கு பருத்தியும் இருபது பங்கு பாலியஸ்டரும் கலந்தது உண்டு. இவற்றில் இழைகள் பசையாலோ ஊசியால் குத்தியோ பிணைக்கப்பட்டிருப்பதால் இடைவெளி கூடுதலாக விடலாம். உறையின்மேல் எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று தையல் இடைவெளி அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே முடிச்சுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அளவு கோடுகோடாகத் தைப்பதை மனத்தில் வைத்துச் சொன்னது, முடிச்சோ புள்ளி அளவு இடத்தைத்தான் பிடிக்கிறது. நான் அச்சிட்ட அளவில் பாதியைத் தாண்டுவதில்லை. தலையணைக்கு அடைக்கும் ரெக்ரான் என்ற உதிரிப் பாலியஸ்டர் பஞ்சைப் பரப்பி முடிச்சிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது, இலவத்துக்குச் சொன்னதே அதற்கும்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. செட்டிநாட்டு வெயிலுக்குப் பஞ்சுப் போர்வை மார்கழியில் இருபது நாள் போர்த்தலாம், மற்ற நாட்களில் குளிரூட்டிய அறையில் மட்டும்தான் அதற்கு வேலை. நடுவில் பழைய எட்டுமுழ வேட்டியை வையுங்கள். எட்டுமுழ வேட்டி ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் ஐம்பது அங்குல அகலமும் இருக்கும். நீளம் சரிபாதியாகும்படி அதைக் குறுக்கே வெட்டி, இரண்டு துண்டுகளையும் போர்வையின் குறுக்காக ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால், ஐந்தடிக்கு ஏழடியை மூடி ஓரத்திலும் மிஞ்சும். சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு வைத்துத் தளர்வாகக் குறுக்குத் தையல் போட்டுவிடுங்கள். ஏறினால் அந்தத் தடிப்பு மேல்துணியில் கோடாகத் தெரியும். இரண்டு வேட்டி வைத்தால் மார்கழிக்கும் போதும். நெய்த துணி எங்கும் நழுவி ஓடாது. முடிச்சின் வேலை அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது மட்டும்தான் என்றாகிறது. அப்போது நான்கு அங்குலம் தாராளம், ஆறு அங்குலம்கூடத் தாங்கும். துவைத்த பழைய துணி என்பதால் சுருங்கவும் செய்யாது. பருத்திப் பஞ்சு விரிப்பு முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கக்கூடியது என்பதையும், அந்தச் சுருக்கம் பழஞ்சேலையைத்தான் இழுக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நூலுக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடிய விதி ஒன்றுண்டு: நூல் பருமனாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும், துணியைவிட வலுவில் மிஞ்சக் கூடாது. பருமன் எதற்கென்றால், மெல்லிய நூல் கத்தி போலத் துணியின் இழைகளுக்குள் இறங்கும். தடித்த நூல் அதே இழுவையை அதிக இழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். வலு ஏன் மிஞ்சக் கூடாது என்றால், இழுவை வரம்பு மீறும்போது இரண்டில் ஒன்று அறுந்தே தீரும். நூல் அறுந்தால் இரண்டு நிமிடத்தில் வேறொரு முடிச்சுப் போடலாம். அப்பத்தாவின் சேலை கிழிந்தால் ஓட்டைதான்.

இந்த அளவுகோலில் எனக்குக் கைகொடுப்பது பேர்ல் காட்டன் என்று எம்பிராய்டரி நூல் கடைகளில் விற்கும் முறுக்குப் பருத்தி நூல். அதில் எண் கூடினால் பருமன் குறையும்: 5 தடிப்பு, 8 நடுத்தரம், 12 மெல்லியது. வேட்டி நடுவில் வைத்த போர்வைக்கு 8-ஆம் எண்ணை இரட்டை இழையாகக் கோத்துக்கொள்வேன். பஞ்சு விரிப்புக்கு 5-ஆம் எண் ஒற்றை இழை போதும். ஆறு இழை எம்பிராய்டரி நூலையும் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்தலாம். அதில் முறுக்கு தளர்வு என்பதால் முடிச்சு இன்னும் நன்றாகக் கவ்வும், வெட்டிய நுனி குஞ்சம் போல விரியும், ஆனால் நாளடைவில் அந்தக் குஞ்சம் உதிர்ந்து மெலியும். குரோஷா நூல் கிடைத்தால் அதுவும் நல்லதே. ஒரு எச்சரிக்கை மட்டும். கொட்டான்கள் என்னும் ஓலைக்கூடைகளுக்குப் பின்னல் போடுவதற்காக வாங்கி மிஞ்சிய பழைய குரோஷா உருண்டைகள் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும், அவற்றைக் கண்டதும் கை பரபரக்கும். ஒரு முழம் பிரித்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அதைக் கொட்டானோடே விட்டுவிடுங்கள்.

பேர்ல் காட்டனுக்குள்ள பளபளப்பு, நூலைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து இழுத்து எடுப்பதால் வருவது. 1850-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றதால் அதற்கு மெர்சரைஸ் என்று பெயர். அந்த முறையில் நூல் வலுவும் பெறுகிறது, வழவழப்பும் பெறுகிறது. வழவழப்பு அழகுக்கு நல்லது, முடிச்சுக்குப் பகை. ஆகவே பளபளக்கும் நூலில் இரண்டு சுற்றோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்றும் போட வேண்டும். பட்டு நூல், ஜரிகை, நைலான் ஆகியவற்றை வழவழப்புக்காகவே ஒதுக்குங்கள். பூக்கட்டும் நூலில் முறுக்கு மிகக் குறைவு, அதுவும் வேண்டாம். சணலும் சாக்கு தைக்கும் நூலும் சொரசொரப்பாகத் துணியை அறுக்கும்.

உல்லன் நூல் பற்றி ஒரு சொல். உண்மையான ஆட்டு ரோமக் கம்பளி நூலால் போட்ட முடிச்சு துவைக்கத் துவைக்க இழையோடு இழை சிக்கி, பிறகு கத்தரிக்கோல் போட்டாலொழிய அவிழாது. குளிர்நாட்டுக்காரர்கள் முடிச்சுப் போர்வைக்கு அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. நம் கடைத்தெருவில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது சிக்கிக்கொள்வதில்லை, நெகிழ்ந்து கழன்றுவிடும். சிறு துண்டைக் கொளுத்தினால் தெரியும்: கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு தானே அணைந்து, பொடியாக நொறுங்கும் சாம்பலாகும்; அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்; பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளியே கிடைத்தாலும் அதைப் பூச்சி விரும்பும் என்பதால் நம் ஊரில் நான் பயன்படுத்துவதில்லை.

பாலியஸ்டர் நூலைப் பற்றித்தான் தைப்பவர்களுக்குள் வழக்கு ஓயவில்லை. பாலியஸ்டர் நூல் காலப்போக்கில் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். இன்றைய தையல் நூல்கள் அவ்வளவு கடினமாக இல்லை, அது பழைய பயம் என்று மற்றொரு சாரார். நான் கண்டது இடைநிலையில் நிற்கிறது. பொத்தான் தைக்கும் வலுவான பாலியஸ்டர் நூலால் நான் முடிச்சிட்ட பழஞ்சேலைப் போர்வையில், நான்காம் ஆண்டில் முடிச்சுகள் அத்தனையும் புதிதாக இருக்க, அவற்றைச் சுற்றி அரிசியளவு ஓட்டைகள் விழுந்திருந்தன. அதே நூலால் புதுத் துணியில் போட்டது இன்றும் நன்றாக இருக்கிறது. அறுத்தது நூலின் பொருளா, அதன் மெல்லிய கடின முறுக்கா, துணியின் முதுமையா என்று அந்த ஒரு போர்வையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பருத்தி நூல் கைக்கெட்டும் விலையில் இருக்கும்போது பழஞ்சேலையில் அந்தப் பரீட்சையை மறுபடி நடத்த வேண்டியதில்லை என்பதோடு நான் நின்றுகொண்டேன்.

எவ்வளவு நூல் வாங்குவது என்பது கணக்கு. அறுபது அங்குலத்துக்கு எண்பத்துநான்கு அங்குலப் போர்வையில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, ஓரத்தை விட்டுப் பார்த்தால் பதினான்குக்கு இருபது, ஆக 280 முடிச்சுகள். ஒரு முடிச்சுக்கு ஆறு அங்குல நூல் என்றால் 1680 அங்குலம், ஏறத்தாழ 43 மீட்டர். இரட்டை இழைக்கு 86 மீட்டர். ஆங்கர் 8-ஆம் எண் பத்து கிராம் உருண்டையில் 85 மீட்டர்தான் இருக்கும். கடைசி முடிச்சில் நூல் தீர்ந்து நிற்பதற்கு இதைவிடச் சரியான அளவு கிடைக்காது, ஆகவே ஒரே தடவையில் சாயமேற்றிய பிரிவில் இரண்டு உருண்டைகளாக வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று அங்குல இடைவெளிக்கு இறங்கினால் முடிச்சுகள் 513 ஆகிவிடும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கைவலி அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முடிச்சுகளை அடுக்கும் விதத்தில் செலவில்லாத ஓர் ஆதாயம் உண்டு. நேர்க்கட்டமாகப் போட்டால், நான்கு முடிச்சுகளின் நடுவில் இருக்கும் புள்ளி எந்த முடிச்சிலிருந்தும் 2.8 அங்குலம் தள்ளி இருக்கிறது. ஒரு வரி விட்டு ஒரு வரியை இரண்டு அங்குலம் நகர்த்தி, செங்கல் கட்டு போல அடுக்கினால் மிகத் தொலைவான புள்ளிகூட 2.5 அங்குலத்துக்குள் வந்துவிடும். நூலும் முடிச்சும் ஏறக்குறைய அதே அளவுதான், பிடிப்பு மட்டும் கூடுகிறது. அளவு குறிக்கப் பென்சிலும் சாக்குக்கட்டியும் வேண்டாம். கண்டாங்கியின் கட்டங்களே உங்களுக்கு அடிக்கோல். ஒரு சேலையின் கட்டம் ஓரங்குலம் என்றால் நான்கு கட்டத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். வெவ்வேறு சேலைகளின் கட்ட அளவு ஒன்றாக இராது என்பதால் சதுரத்துக்குச் சதுரம் அரை அங்குலம் முன்பின் ஆகும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். சதுரங்கள் சேரும் இணைப்புத் தையலின் மேலேயே முடிச்சு இடக்கூடாது. தையல் நூலை ஊசி அறுத்துவிடும்.

மூன்று அடுக்குகளையும் விரிக்க, சாமான் இல்லாத தரை வேண்டும். எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆத்தங்குடிக் கல் தரை. கல்லோடு கல் சேரும் கோடுகள் நேராக ஓடுவதால் துணியின் ஓரத்தை அவற்றோடு ஒட்டி வைத்தாலே மூலைமட்டம் சரியாகிவிடும். அடித்துணியைப் பின்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களைத் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் நீங்க வேண்டும், முரசுத்தோல் போல இறுகக் கூடாது. அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. அடித்துணியும் நடுத்துணியும் எல்லாப் பக்கமும் இரண்டங்குலம் கூடுதலாக நிற்கட்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவிக்கொண்டே, ஒரு சாண் இடைவெளியில் ஊக்குகள் குத்துங்கள். ஊக்குக்குப் பதில் நீண்ட ஓட்டுத் தையலும் போடலாம். முடிச்சையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் மிஞ்சும் துணியெல்லாம் நடுவில் கொப்பளமாகக் கூடும், அதைப் பிறகு எந்த முடிச்சாலும் அமுக்க முடியாது.

ஊசி கூர்முனையும் பெரிய காதும் உள்ளதாக இருக்க வேண்டும்; எம்பிராய்டரிக் கடையில் செனில் ஊசி என்று கேட்டால் 22-ஆம் எண்ணைக் கொடுப்பார்கள். கோணி ஊசி வேண்டாம், அது துணியில் விடும் ஓட்டை நூலைவிடப் பெரிது. ஊசி இறங்கும் ஓட்டை நூல் நிறையும் அளவில் இருந்தால்தான் முடிச்சு மேலும் கீழும் ஆடாமல் நிற்கும்.

இனி முடிச்சு. மேலிருந்து ஊசியை நேராகக் கீழே இறக்கி, ஒரு பச்சைப்பயறின் நீளம் தள்ளி மேலே எடுங்கள். அதே இரண்டு ஓட்டைகளில் இன்னொரு முறை இறக்கி எடுத்தால் பிடிப்பு இரட்டிப்பாகும். பயறைவிடக் குறுகினால் மூன்று நான்கு இழைகள் மட்டும் பாரத்தைத் தாங்கும், அகன்றால் துணி கொசுவும். இப்போது வலக்கை நூலை இடக்கை நூலின்மேல் போட்டு அடியில் சுற்றி இழுங்கள். முதல் சுற்றிலேயே ஒன்றுக்குப் பதில் இரண்டு முறை சுற்றினால், இரண்டாவது சுற்றுப் போடும்வரை அது தளராமல் காத்திருக்கும். அறுவை மருத்துவர்கள் தையலிடும்போது செய்வது அதைத்தான். அடுத்த சுற்றில் திசை மாற வேண்டும்: இடக்கை நூல் வலக்கை நூலின்மேல். இரண்டு முறையும் ஒரே திசையில் போடுவதுதான் முடிச்சு அவிழ்வதற்கு முதற்காரணம், நூலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சரியாகப் போட்டீர்களா என்று கண்ணாலேயே பார்க்கலாம். நூல் நுனிகள் இரண்டும் தையலோடு ஒரே கோட்டில் படுத்திருந்தால் சரி. குறுக்கே சிலுவையாக நின்றால் அது நழுவும் முடிச்சு, பிரித்துப் போடுங்கள். மூன்றாவது சுற்றுக்கு மறுபடி திசை மாற்றி, விரலைத் தண்ணீரில் தொட்டு முடிச்சை நனைத்து இறுக்குங்கள். இறுக்குவது முடிச்சை மட்டும்தான், துணியை அல்ல. முடிச்சுக்கும் துணிக்கும் இடையில் விரல் நகம் நுழைய வேண்டும். நுனிகளை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். முதல் நாலைந்து சலவையில் முடிச்சு இன்னும் இறுகும்போது நுனி சற்று உள்ளே இழுபடும், ஒட்ட வெட்டியவர்கள் அப்போதுதான் வருந்துகிறார்கள்.

ஒவ்வொன்றாக வெட்டி முடிச்சிடுவதைவிட வரிசை முழுவதும் நூலை அறுக்காமல் ஊசி ஓட்டிக்கொண்டு போய், பிறகு நடுநடுவே கத்தரித்து முடிச்சிடுவது விரைவு. நான்கு அங்குல இடைவெளியில் அப்படிச் செய்தால் இரு பக்கமும் இரண்டு அங்குல நுனிதான் கையில் கிடைக்கும். மெலிந்த விரல்களுக்கு அது போதும், எனக்குப் போதுவதில்லை. அதனால் ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே நூலைச் சிறு வளையமாகத் தளர விட்டுச் செல்கிறேன். மேலே சொன்ன ஆறு அங்குலக் கணக்கு அந்த வளையத்தையும் சேர்த்தது.

துணி நைந்த இடத்தில் முடிச்சு தவிர்க்க முடியாததானால், பழைய மெத்தை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மெத்தைக்காரர் நூல் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் சிறு பஞ்சுக் குஞ்சமோ துணித்துண்டோ வைத்து, அதன்மேல்தான் நூலை இறுக்கியிருப்பார். பாரத்தை நூலிடமிருந்து வாங்கித் துணிக்குப் பரப்பிக் கொடுப்பது அந்தத் துண்டுதான். சேலையின் கரைத் துணியில் அரை அங்குல வட்டங்கள் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, முடிச்சின் அடியில் வையுங்கள். பொத்தான் வைப்பதும் அதே வேலையைச் செய்யும், ஆனால் முதுகில் உறுத்தும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொத்தான் கூடவே கூடாது. நீண்ட நூல் நுனிகளும் கைக்குழந்தையின் விரலைச் சுற்றிக்கொள்ளும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வையே அருகில் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது, அதற்கு நூலை மாற்றிப் பயனில்லை.

முடிச்சு மேலே தெரியலாமா, அடியில் மறையலாமா என்பதும் கருத்து வேறுபாடுள்ளதுதான். அடியில் போட்டால் கண்டாங்கியின் கட்டமும் கரையும் குலையாமல் தெரியும். மேலே போட்டால் அடித்துணி வழவழப்பாக உடம்பில் படும். உங்கள் மேல்துணிதான் நினைவுக்குரியது என்பதால் நானாக இருந்தால் அடியில் போட்டு, மேலே பயறளவு தையல் மட்டும் தெரியும்படி கடுகு மஞ்சள் நூலைத் தேர்ந்தெடுப்பேன். முடிச்சின்மேல் பசைத்துளி விடுவதைச் சிலர் சொல்கிறார்கள். விட்டால் அவிழாது என்பது மெய். காய்ந்ததும் அது மணல் போல உறுத்துவதும் மெய். திசை மாற்றிப் போட்ட மூன்று சுற்றுக்குப் பசை தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

எல்லா முடிச்சும் முடிந்த பிறகே ஓரங்களை நறுக்கிப் பட்டி கட்டுங்கள். பட்டிக்குச் சேலையின் முந்தானையை நீளவாக்கில் கிழிக்காமல், வலுவான மேல்பகுதியிலிருந்தோ புதிய பருத்தித் துணியைத் துவைத்துச் சுருக்கியோ எடுத்துக்கொள்ளுங்கள், கையால் பிடித்து இழுக்கப்படுவது ஓரம்தான். இத்தனையும் தொடங்குவதற்கு முன், மிஞ்சிய சேலைத் துண்டு, வேட்டித் துண்டு, மல் துணி மூன்றையும் ஒன்றரை அடிச் சதுரமாக அடுக்கி, பாதியில் ஒற்றை இழையாலும் பாதியில் இரட்டை இழையாலும் முடிச்சிட்டு, வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். அவிழ்ந்த முடிச்சுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிச்சைச் சுற்றித் துணி கண்விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிய போர்வையை விரியுங்கள்.